பாணியும் வார்ப்புருவும்: செயலி இடைமுகத்தில் தமிழின் இடம் – திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

செயலிகளின் பயனர் இடைமுகத்தைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கப் பாணி, வார்ப்புரு என்னும் இரு கருவிகள் பயன்படுகின்றன. பாணி தோற்றத்தை மாற்றுவது. வார்ப்புரு கட்டமைப்பை மாற்றுவது. தமிழ் இடைமுகம் குறித்த உரையாடல் பெரிதும் கலைச்சொல்லாக்கத்தையும் எழுத்துக் குறியாக்கத்தையும் சுற்றியே நிகழ்ந்துள்ளது. சொற்கள் இடம்பெறும் கட்டத்தின் இலக்கணம் போதிய அளவு ஆராயப்படவில்லை. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் 2014 முதல் 2025 வரை நிகழ்ந்த எழுத்துரு மாற்றங்களையும், ஊதியம் தொடர்பான திரைகளில் வரத்தக்க தமிழ்த் தொடர்களையும் சான்றாகக் கொண்டு, பாணி நிலைக் குறைகள் இயங்குதள அளவில் தீர்ந்துவருகின்றன என்றும், வார்ப்புரு நிலைக் குறைகள் தமிழ் இலக்கண அறிவின் துணையின்றித் தீரா என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பயனர் இடைமுகம், பாணி, வார்ப்புரு, எழுத்துரு, சாரியை, வினைமுற்று, திருப்பூர்.

1. முன்னுரை

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் வெட்டுதல், தைத்தல், சரிபார்த்தல், அடுக்குதல் ஆகிய பணிகள் மனிதக் கைகளாலும் எந்திரங்களாலும் நடைபெறுகின்றன. அப்பணிகளைக் கணக்கிடும் வேலையோ படிப்படியாகத் திரைக்கு மாறியுள்ளது. வருகைப்பதிவு, தைத்த உருப்படிகளின் எண்ணிக்கை, மிகைநேரம், பிடித்தம் ஆகியன கணினியில் பதிவாகின்றன. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த வருங்கால வைப்பு நிதியின் சேவைகளைத் தொழிலாளர் தம் கைப்பேசியிலேயே பெற இயலும். 2017இல் தொடங்கப்பட்ட உமங் செயலி அத்தகைய வழிகளுள் ஒன்று. அமைப்புசாராத் தொழிலாளர்க்கான இ-ஷ்ரம் பதிவு 2021இல் தொடங்கியது. எனவே திரையில் தோன்றும் ஒரு தொடரைப் பிழையின்றிப் படிக்க முடிகிறதா என்பது இன்று கூலியோடு தொடர்புடைய வினாவாகும்.

இச்சூழலில் தமிழ் இடைமுகம் என்பதை ஆங்கிலச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைப் பொருத்துதல் என்று கொள்வதே பொதுவழக்கு. இவ்வழக்கு போதுமானதா என்பதே இக்கட்டுரையின் வினா. ஈண்டுக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் எந்தவொரு குறிப்பிட்ட செயலியையும் சுட்டுவன அல்ல. இவ்வகைத் திரைகளில் இயல்பாக வரத்தக்கவை என்ற அளவில் இவை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

2. பாணி, வார்ப்புரு: வேறுபாடு

உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைத்தல் என்பது இடைமுக வடிவமைப்பின் அடிப்படைக் கொள்கை. இணையப் பக்கங்களுக்கான விழுதொடர் பாணித்தாள்களின் முதல் பரிந்துரையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1996 டிசம்பரில் வெளியிட்டது. எழுத்துரு, அளவு, நிறம், வரி உயரம் ஆகியவற்றை உள்ளடக்கத்திலிருந்து பிரித்து ஓரிடத்தில் வரையறுக்க அது வழிசெய்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன் இப்பிரிவினையை மேசைக் கணினிச் செயலிகளில் மேலும் கூர்மையாக்கியது. அதில் பாணி என்பது ஓர் உறுப்பின் பண்புகளுக்குரிய மதிப்புகளின் தொகுப்பு. வார்ப்புரு என்பது அவ்வுறுப்பு எவ்வெப் பகுதிகளால் ஆனது, அவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதற்கான வரையறை. ஒரு பொத்தானின் நிறத்தைப் பாணியால் மாற்றலாம். அப்பொத்தானுக்குள் சொல் ஒரு வரியில் நிற்குமா, இரு வரியாக மடியுமா, படத்துக்குக் கீழே வருமா என்பதை வார்ப்புருவே முடிவுசெய்கிறது.

திருப்பூர்ச் சூழலில் இவ்வேறுபாட்டை விளக்குவது எளிது. ஒரே பேட்டர்னில் வெட்டிய டீ-சர்ட்டுக்கு வெவ்வேறு சாயம் ஏற்றலாம். வெவ்வேறு பிரிண்ட் பதிக்கலாம். இவை பாணி. வட்டக் கழுத்தைக் காலராக மாற்ற வேண்டுமெனின் பேட்டர்னையே மாற்ற வேண்டும். இது வார்ப்புரு. மேலும், ஓர் அளவுக்கு வரைந்த பேட்டர்னை அப்படியே பெரிதாக்கி அடுத்த அளவைப் பெறுவதில்லை. தோள், மார்பு, நீளம் ஒவ்வொன்றும் வெவ்வேறு விகிதத்தில் கூட்டப்படுகின்றன. மொத்த வெட்டுக்கு முன் ஒவ்வோர் அளவிலும் மாதிரி தைத்துச் சரிபார்க்கப்படுகிறது. ஒரு மொழிக்கென வரைந்த இடைமுக வார்ப்புருவை மற்றொரு மொழிக்குப் பயன்படுத்தும்போது இதனை ஒத்த சரிபார்ப்பு நிகழ்கிறதா என்பது கேட்கத்தக்கது.

‘வார்ப்புரு’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் மீள்பயன்பாட்டுக் கட்டங்கள் இப்பெயராலேயே வழங்குகின்றன. கருத்தும் புதியதன்று. நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு நூல் செய்தவர் பெயர், நூற்பெயர், கேட்போர், பயன் முதலிய 8 செய்திகளை வரையறுத்து, காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்து 11 எனக் கொள்வாரையும் குறிக்கிறது. எவை இடம்பெற வேண்டும் என்பது அங்கே வரையறுக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் எத்தனை சீரில் அடங்க வேண்டும் என்பது வரையறுக்கப்படவில்லை. உள்ளடக்கத்துக்கு இடம் ஒதுக்கி, அதன் நீளத்தைப் பாடுவோனிடம் விட்ட வார்ப்புரு அது.

3. பாணி நிலை: எழுத்தைச் சுருக்கிய பத்தாண்டு

யூனிகோடு 1991இல் தமிழுக்கு இடமளித்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை உருவானது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அனைத்தெழுத்துக் குறியாக்கமான தேஸ்-16ஐயும் ஏற்றது. தமிழ் எழுத்து கணினியில் சேமிக்கப்படுதல், உள்ளிடப்படுதல் ஆகிய இரண்டும் இவற்றால் உறுதிப்பட்டன. ஆயினும் திரையில் அவ்வெழுத்துக்கு எவ்வளவு உயரம் கிடைக்கும் என்பது தனி வினாவாகவே எஞ்சியது.

இலத்தீன் எழுத்துகளை அளவாகக் கொண்டு வரி உயரமும் கட்டத்தின் உயரமும் வரையறுக்கப்பட்ட திரையில், மேல்விலங்கும் கீழ்வளைவும் உடைய தமிழ் எழுத்து இடர்ப்படும். ‘கீ’, ‘மீ’ போன்றவற்றின் மேற்பகுதியும் ‘சூ’, ‘ரூ’ போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படக்கூடும். ஆண்ட்ராய்டு இதற்குக் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. இலத்தீன் எழுத்தின் செங்குத்து அளவுக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்ட எழுத்துரு வடிவங்கள் இயங்குதளத்தில் வைக்கப்பட்டன. கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எனவும் ‘நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ’ எனவும் இரு வடிவங்கள் இருந்ததன் காரணம் இதுவே. 2014இல் வெளியான ஆண்ட்ராய்டு 5.0, சுருக்கப்படாத வடிவத்தைத் தேர்ந்துகொள்வதற்கு ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ என்னும் பண்பை உருவாக்குநர்களுக்கு வழங்கியது. அப்பெயரே சிந்தனைக்குரியது. எழுத்து தன் இயல்பான உயரத்தில் நிற்பது அங்கே இயல்புநிலை அன்று. விரும்பிக் கேட்டுப் பெற வேண்டிய ஒரு நயம்.

இந்நிலை மெல்ல மாறியது. 2022இல் வெளியான ஆண்ட்ராய்டு 13, மொழிக்கேற்ப வரி உயரத்தைத் தகவமைத்தது. அம்மாற்றத்தால் பயனடையும் எழுத்துகளுள் தமிழ் பெயர் சுட்டப்பெற்றது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15, அப்பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகளில் சுருக்கப்படாத எழுத்துருவை இயல்புநிலையாக்கியது. 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16, அதனை இலக்காகக் கொண்ட செயலிகளில் சுருக்க வடிவத்துக்குத் திரும்பும் வழியையே நீக்கியது. இம்மாற்றம் தொடர்பாகச் சோதிக்க வேண்டியவை எனப் பட்டியலிடப்பட்ட எழுத்துகளுள் தமிழும் உண்டு, ஒடியாவும் உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் அருகருகே தைக்கும் திருப்பூரில், இருவர் மொழியும் ஒரே வகைச் சுருக்கத்துக்கு உட்பட்டிருந்தன என்பது நோக்கத்தக்கது.

இதனை வஞ்சனை என்று கொள்வது பிழையாகும். ஏற்கெனவே வடிவமைக்கப்பட்ட திரைகள் குலையாதிருக்கவே சுருக்க எழுத்துரு கொண்டுவரப்பட்டது என்பது இயங்குதள ஆவணங்களின் விளக்கம். வெட்டுப்பட்ட எழுத்தைவிடச் சுருங்கிய எழுத்து மேல் என்னும் நடைமுறை முடிவு அது. ஆயினும் அம்முடிவின் திசை தெளிவானது. கட்டம் நிலையானது, எழுத்து வளையத்தக்கது என்று கொள்ளப்பட்டது. திருப்பூரில் காம்பாக்டிங் என்பது துணி துவைத்தபின் சுருங்காதிருக்க முன்கூட்டியே செய்யப்படும் பணி. அணிபவரின் நலன் அதன் நோக்கம். எழுத்துருவில் நிகழ்ந்த சுருக்கமோ படிப்பவருக்காக அன்றிக் கட்டத்துக்காக நிகழ்ந்தது. பத்தாண்டுக்குப் பின் கட்டம் எழுத்துக்காக நெகிழலாயிற்று. பாணி நிலையில் தீர்வு இயலும் என்பதற்கு இது சான்று.

4. வார்ப்புரு நிலை (அ): முப்புள்ளி மறைக்கும் வினைமுற்று

பாணி சீர்பட்டாலும் தீராத குறைகள் உள. அவற்றுள் முதன்மையானது இறுதி வெட்டு. ஒரு தொடர் கட்டத்துக்குள் அடங்காதபோது அதன் இறுதியை நீக்கி முப்புள்ளி இடுவது பரவலான வார்ப்புரு வழக்கம். தொடரின் தொடக்கத்தில் இன்றியமையாச் செய்தி இருக்கும் என்னும் எண்ணம் இவ்வழக்கத்துக்கு அடிப்படை. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன் வருவதால், இறுதி வெட்டுப்பட்டாலும் உடன்பாடும் எதிர்மறையும் வேறுபட்டுத் தோன்ற வாய்ப்புண்டு. தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கிறது. எதிர்மறை அவ்வினைமுற்றின் இறுதியில் நிற்கிறது.

இத்தொடர்களை நோக்குக:

செலுத்தப்பட்டது
செலுத்தப்படவில்லை

முன்னது 9 எழுத்து. பின்னது 10 எழுத்து. முதல் 6 எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. 6 எழுத்துக்கு மட்டும் இடமளிக்கும் கட்டத்தில் இரண்டும் ‘செலுத்தப்ப…’ என்றே தோன்றும். யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளாகக் கணக்கிட்டால் முன்னதன் 15இல் 11ம், பின்னதன் 17இல் 11ம் பொதுவானவை. வைப்பு நிதித் தொகை செலுத்தப்பட்டதா இல்லையா என்னும் ஒரே செய்தியை அறியத் திரையைத் திறக்கும் தொழிலாளிக்கு, அந்த ஒரே செய்தியை மட்டும் வார்ப்புரு மறைத்துவிடுகிறது. ‘அனுமதிக்கப்பட்டது – அனுமதிக்கப்படவில்லை’, ‘பதிவானது – பதிவாகவில்லை’, ‘செல்லும் – செல்லாது’ ஆகிய இணைகளும் இத்தன்மையனவே. மொழிபெயர்ப்பில் பிழையில்லை, எழுத்துருவில் பிழையில்லை, வரி உயரமும் சரியாக உள்ளது. பொருள் மட்டும் கிடைக்கவில்லை.

கருவி இதற்குக் காரணமன்று. ஆண்ட்ராய்டின் எழுத்துக் கட்டம், முப்புள்ளியைத் தொடக்கத்திலோ நடுவிலோ இறுதியிலோ இட இடமளிக்கிறது. வெட்டாமல் அடுத்த வரிக்கு மடிக்கவும் இடமளிக்கிறது. தேர்வு வடிவமைப்பவருடையது. தமிழின் தொடரமைப்பை அறியாதவர் செய்யும் தேர்வு இறுதி வெட்டாகவே அமையும்.

5. வார்ப்புரு நிலை (ஆ): வெற்றிடத்தில் விழும் பெயர்

தரவு வார்ப்புருக்களில் தொடர் முன்னரே எழுதப்பட்டு, பெயருக்கும் எண்ணுக்கும் வெற்றிடம் விடப்படுகிறது. செயலி இயங்கும்போது தரவுத்தளத்திலிருந்து சொல் வந்து அவ்வெற்றிடத்தை நிரப்பும். ஊர்ப்பெயருக்கான வெற்றிடத்தையடுத்து ‘இல்’ என்னும் உருபை எழுதிவைத்த ஒரு தொடரைக் கருதுவோம். திருப்பூர் வட்டாரத்தின் ஊர்ப்பெயர்கள் அவ்வெற்றிடத்தில் விழும்போது ‘திருப்பூர்இல்’, ‘அவிநாசிஇல்’, ‘பல்லடம்இல்’, ‘ஈரோடுஇல்’ என்பன கிடைக்கும்.

உண்மையில் வேண்டப்படுவன திருப்பூரில், அவிநாசியில், பல்லடத்தில், ஈரோட்டில் என்பன. முதலாவதில் மெய்மேல் உயிர் ஏறுகிறது. இரண்டாவதில் யகர உடம்படுமெய் தோன்றுகிறது. மூன்றாவதில் மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வருகிறது. நான்காவதில் உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தின் டகரம் இரட்டிக்கிறது. நான்கு ஊர்களுக்கு நான்கு விதிகள். ஒட்டுநிலை மொழியின் வேற்றுமையுருபை, தனித்து நிற்கும் ஆங்கில முன்னிடைச் சொல்லைப் போலக் கருதியதன் விளைவு இது. முருகன் என்னும் பெயருடன் ‘க்கு’ சேர்ந்து ‘முருகன்க்கு’ எனத் திரையில் தோன்றுவதும் இவ்வகையே.

இதற்கு இரு தீர்வுகள் உள. ஒன்று, புணர்ச்சி விதிகளை நிரலாக எழுதி வார்ப்புருவுடன் இணைத்தல். விக்கிப்பீடியாவின் அடித்தள மென்பொருளான மீடியாவிக்கி, வேற்றுமை வடிவங்களைக் கையாள இலக்கணக் கட்டளையொன்றை வைத்துள்ளது. இக்கொள்கை நடைமுறைக்கு ஒத்தது என்பதை அது காட்டுகிறது. மற்றொன்று, உருபே தேவைப்படாத தொடரை அமைத்தல். இரண்டாவது தமிழ் மடல் மரபில் முன்னரே உள்ளது. அனுப்புநர், பெறுநர், இடம், நாள் எனத் தலைப்பிட்டுக் கீழே பெயரை எழுவாய் வடிவில் எழுதும் முறையில் புணர்ச்சிச் சிக்கல் எழுவதில்லை. ‘முருகன் அவர்களுக்கு’ என எழுதும் வழக்கமும் அவ்வாறே. ‘அவர்கள்’ என்னும் மதிப்புச்சொல் உருபைத் தான் ஏற்றுக்கொண்டு பெயரை மாறாமல் காக்கிறது. மரியாதைக்கென வந்த வழக்கு, வெற்றிடம் நிரப்பும் வார்ப்புருவுக்கும் பொருந்துவதாக அமைந்துள்ளது.

6. மறுப்புகளும் மதிப்பீடும்

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று கருத்துகள் கூறப்படலாம்.

முதலாவது, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மொழிபெயர்ப்பாளர் குறுகிய சொற்களைத் தேர்ந்தால் சிக்கல் தீரும் என்பது. இதில் ஓரளவு உண்மையுண்டு. செயப்பாட்டு வினையைத் தவிர்ப்பது பல இடங்களில் நன்று. ஆயினும் ‘வந்தது – வரவில்லை’ எனச் சுருக்கினாலும் வேறுபாடு முதலெழுத்துக்குப் பின்னரே தொடங்குகிறது. நீளத்தைக் குறைத்தல் சிக்கலைத் தள்ளிப்போடுமேயன்றி நீக்காது. ‘ஆம் – இல்லை’, ‘உண்டு – இல்லை’ என முதலெழுத்திலேயே வேறுபடும் இணையைத் தொடரின் முன்னே நிறுத்துவதே நீக்கும். அது சொல் தேர்வு மட்டுமன்று. வார்ப்புருவின் வரிசை மாற்றமுமாகும்.

இரண்டாவது, திருப்பூர்த் தொழிலாளர் கட்டிங், செக்கிங், பி.எஃப்., ஓ.டி. என்றே வழங்குகின்றனர், எனவே ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்பது. தொழிற்களத்தில் வேரூன்றிய பெயர்ச்சொற்களைத் திரையிலும் வைத்துக்கொள்வது ஏற்கத்தக்கதே. ‘செக்கிங்’ அறிந்தவர்க்கு அதற்கீடாகப் புதுச்சொல் புனைய வேண்டியதில்லை. ஆனால் பெயர் கடன்பட்டதாயினும் வினை தமிழாகவே உள்ளது. ‘பி.எஃப். கட்டியாச்சு’, ‘பி.எஃப். கட்டலை’ என்னும் பேச்சுவழக்கிலும் செய்தியின் முடிவு இறுதியிலேயே உள்ளது. கடன்சொல் கலைச்சொல் சிக்கலைக் குறைக்கும். தொடரியல் சிக்கலைத் தொடாது.

மூன்றாவது, பச்சை, சிவப்பு நிறங்களாலும் படக்குறிகளாலும் வேறுபாட்டைக் காட்டலாம் என்பது. இது பாணியைக் கொண்டு வார்ப்புருவின் குறையை மறைக்கும் முயற்சி. செய்தியை உணர்த்த நிறத்தை மட்டும் நம்பலாகாது என்பது 2008இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள் 2.0 வகுத்த விதிகளுள் ஒன்று. நிறவேறுபாடு காண இயலாதார்க்கு அத்திரை பயன்படாது. நிறம் துணைநிற்கலாம், சொல்லின் இடத்தை அது கொள்ளலாகாது.

இம்மூன்று மறுப்புகளுக்கும் பொதுவான ஓர் எண்ணம் உண்டு. வார்ப்புரு முடிந்துபோனது; இனி மொழியே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அது. சுருக்க எழுத்துருவின் பின்னால் இருந்ததும் அவ்வெண்ணமே. அதனை இயங்குதளமே கைவிட்டுள்ள நிலையில், தமிழ்ச் சொல்லமைப்பின் மீது மட்டும் அதனைத் தொடர்ந்து சுமத்துவதற்குக் காரணமில்லை.

7. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள்:

1. தமிழ் இடைமுகத்தின் தரத்தைச் சொல், பாணி, வார்ப்புரு என்னும் மூன்று நிலைகளில் தனித்தனியே மதிப்பிட வேண்டும். ஒன்றில் பெறும் வெற்றி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யாது.

2. வரி உயரம், எழுத்துருச் சுருக்கம் ஆகிய பாணி நிலைக் குறைகள் ஆண்ட்ராய்டில் 2014 முதல் 2025 வரையிலான மாற்றங்களால் பெரிதும் தீர்ந்துவருகின்றன. புதிய பதிப்பை இலக்காகக் கொள்ளாத பழைய செயலிகளில் அவை நீடிக்கக்கூடும்.

3. இறுதி வெட்டு, உருபு ஒட்டுதல் ஆகிய வார்ப்புரு நிலைக் குறைகள் தமிழின் வினைமுற்று அமைப்போடும் புணர்ச்சியோடும் தொடர்புடையவை. எதிர்மறை தாங்கும் தொடர்களை வெட்டாமல் மடித்தல், நிலையைக் குறிக்கும் சொல்லை முன்னிறுத்தல், பெயரை எழுவாய் வடிவில் தலைப்பின்கீழ் வைத்தல் ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கன.

4. ஆங்கிலத் திரை முற்றுப்பெற்ற பின்னன்றி, வார்ப்புரு வரையும் நிலையிலேயே தமிழ்த் தொடர்களை இட்டுச் சோதிக்க வேண்டும். மொத்த வெட்டுக்கு முன் அளவு மாதிரி பார்க்கும் திருப்பூரின் தொழில்நெறி இதற்கு ஏற்ற முன்மாதிரி.

இம்முடிவுகளுள் பின்னிரண்டும் நிரலாளரால் மட்டும் நிறைவேற்றத்தக்கன அல்ல. எந்த ஈறு எந்தச் சாரியையை ஏற்கும், எந்தத் தொடரில் எதிர்மறை எங்கே நிற்கும் என்பன தமிழ்த்துறைகளில் நாள்தோறும் கற்பிக்கப்படுவன. அவ்வறிவு வகுப்பறையைக் கடந்து வார்ப்புரு வரைவோரிடம் சென்றுசேரவில்லை. கொங்கு வட்டாரக் கல்லூரிகளின் தமிழாய்வாளர்கள் தம் பகுதித் தொழிலாளர் அன்றாடம் காணும் திரைகளைப் பனுவலாகக் கொண்டு ஆராய்வாராயின், இலக்கண ஆய்வுக்குப் புதிய களமும், தைத்த உருப்படிக்குரிய கூலி வந்ததா வரவில்லையா என்பதை முழுச்சொல்லாகப் படிக்கும் வாய்ப்பும் ஒருங்கே கிட்டும்.